எட்டு விரல்களின் கடவுச்சொல்

அலுவலகத்தில் எனக்குச் சால்வை போர்த்தி விடைகொடுத்தபோது என் வயது இருபத்தேழு. முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெறுகிறவர்களுக்கு உரியது அது என்று சொல்லித் தயங்கினேன். ஒரே நாற்காலியில் ஆறு ஆண்டுகள் அமர்ந்திருந்தவர் அங்கே வேறு எவரும் இல்லை என்பதால் எனக்கும் பொருந்தும் என்று முடிவு செய்துவிட்டார்கள். இப்போது முதுகலைத் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். என் நாற்காலிக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார்கள். ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்தால் தமிழாக்கித் தரும் கருவி ஒன்று அவர்கள் மேசைக்கு வந்திருக்கிறது. அது தரும் தமிழில் பிழை இல்லை. ஆனாலும் எதை வைத்து அதைச் சரி என்று ஒப்புவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். பேசுவதைவிட எனக்கு அதுவே எளிது.

நான் பார்த்த வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பீளமேட்டில் இருக்கும் எங்கள் சிறிய நிறுவனம் இரண்டு மென்பொருள்களைச் செய்து விற்றது: ஒன்று சிறிய மருத்துவமனைகளுக்கு, மற்றொன்று கல்யாண மண்டபங்களுக்கு. அவற்றைக் கணினியில் நிறுவும்போது திரையில் சில கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்த இடத்தில் வைப்பது, இதற்கு நிர்வாகி யார், அவருடைய கடவுச்சொல் என்ன. அந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதுவதுதான் என் வேலை. வாங்கியவர்கள் தமிழைப் படித்துத் தாங்களே நிறுவிக்கொள்ளலாம், எங்களிடமிருந்து ஆள் வர வேண்டியதில்லை என்பது எங்கள் விளம்பரத்தின் முதல் வரி. ஆகவே என் வாக்கியம் தெளிவாக இல்லையென்றால், அடுத்த அரை மணி நேரத்தில் எங்கள் தொலைபேசி ஒலிக்கும்.

எழுத்துப்பிழை திருத்துவதற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் மூன்று மாதம் ஒற்றுகளைத் திருத்தினேன். நான்காம் மாதம் மெர்சி அக்கா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மெர்சி அக்கா வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் பொறுப்பாளர். கருமத்தம்பட்டிக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், என்னைவிட நூறு மடங்கு சத்தமாகச் சிரிப்பவர். ஒரு வாக்கியத்தை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அது மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும். முதலில், கணினியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டு ஒரே மூச்சில் படித்துப் பார்ப்பார். மூச்சு போதவில்லையென்றால் வாக்கியம் நீளம். இரண்டாவதாக, அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்து எனக்குத் தொலைபேசி செய்வார். திரையைப் பார்க்க முடியாத ஒருவருக்குச் சொல்வதுபோல நான் அதைப் படித்துக் காட்ட வேண்டும். மூன்றாவது சோதனைதான் கடினம். எதுவும் நிறுவப்படாத ஒரு கணினியின் முன்னால் அமர்வார். திரை என்ன சொல்கிறதோ அதை மட்டும் செய்வார். சொல்லாததைச் செய்யவே மாட்டார்.

நான் முதன்முதலில் எழுதிய திரை அவர் முன்னால் வந்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. கடவுச்சொல்லைக் கேட்ட கட்டத்துக்குக் கீழே, “கடவுச்சொல்லை உறுதிசெய்க” என்று இன்னொரு கட்டம் வைத்திருந்தேன். எல்லா மென்பொருளிலும் இருக்கிற வாசகம்தான். மெர்சி அக்கா திரையை உற்றுப் பார்த்தார். “ஆமாங்க, அதேதான். உறுதியாச் சொல்றேன்,” என்று திரையிடம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கணினியும் அசையவில்லை, அவரும் அசையவில்லை. தேநீர் வந்து ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தார். நான் எழுந்து சென்று அந்த வரியை அழித்துவிட்டு எழுதினேன்: “மேலே தட்டிய அதே எழுத்துகளை, அதே வரிசையில், இங்கே இன்னொரு முறை தட்டுங்கள்.” அவர் கைக்கட்டை அவிழ்த்துத் தட்டினார்.

இன்னொரு பாடம் பொள்ளாச்சிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்தது. அங்கே வரவேற்பில் இருந்த செவிலியர் எங்கள் மென்பொருளை நிறுவிக்கொண்டிருந்தார். “உங்கள் கடவுச்சொல்லை உள்ளிடுங்கள்” என்ற திரையில் நின்றுவிட்டு எங்களை அழைத்தார். மெர்சி அக்கா ஒலிபெருக்கியைப் போட்டு என் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஏனுங்க, என்ற பாஸ்வேர்டு என்னங்க?”

அதை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

“உங்கள் கடவுச்சொல்லுன்னு போட்டிருக்குதுங்களே. நீங்க இன்னும் எனக்குக் குடுக்கவே இல்லீங்களே.”

அவர் சொன்னது முழுக்க நியாயம். “உங்கள்” என்றால் ஏற்கெனவே உங்களிடம் இருப்பது என்றுதான் பொருள். கேட்கப்படுவது பழையதா, இனிமேல் அமைக்கப்போகும் புதியதா என்பதை என் வாக்கியம் சொல்லவில்லை. அன்று மாலையே “புதிதாகக் கடவுச்சொல் ஒன்றை நீங்களே அமையுங்கள்” என்று மாற்றினோம். அந்தச் செவிலியரிடமிருந்து மறுபடியும் அழைப்பு வரவில்லை. மெர்சி அக்காவின் அகராதியில் அழைப்பு வராமலிருப்பதே பாராட்டு.

இப்படி இரண்டு ஆண்டுகள் போயின. நிர்வாகி என்றால் கணினியின் நிர்வாகி வேறு, எங்கள் மென்பொருளின் நிர்வாகி வேறு என்பதைக் குழப்பமில்லாமல் எழுதக் கற்றேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு தமிழில் இல்லாததால், ஆங்கில விசைகளில் அது ஏன் முக்கியம் என்பதை எட்டுச் சொற்களில் விளக்கக் கற்றேன். என் வாக்கியங்களில் இனிக் குறையில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்தும் விட்டேன். அந்தச் சமயத்தில்தான் அவிநாசிக்கு அருகில் உள்ள கல்யாண மண்டபத்திலிருந்து கலாமணி அக்கா அழைத்தார்.

கலாமணி அக்கா அந்த மண்டபத்தில் தேதி பதிபவர். எந்த முகூர்த்தம் யாருக்கு, எத்தனை அறை, எந்தச் சமையல்காரர் என்பதெல்லாம் அவர் கையில்தான். அதுவரை ஒரு தடித்த நோட்டில் எழுதிவந்தார்கள். அந்த நோட்டு வேண்டாம், கணினிக்கு மாறலாம் என்று முதலாளி ஈஸ்வரமூர்த்தியிடம் மூன்று மாதம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தவரே கலாமணி அக்காதான். எங்கள் திரைகளைப் படித்துத் தாமே நிறுவினார். ஓராண்டு எந்தத் தொல்லையும் இல்லை. ஆடி மாதக் கடைசியில், மண்டபம் ஓய்ந்து கிடக்கும் நாளில், மின்னழுத்தம் திடீரென்று ஏறிக் கணினி கருகிவிட்டது.

காப்புநகல் இருந்தது. வாரந்தோறும் ஒரு பென்டிரைவில் எடுத்துப் பீரோவில் வைத்திருந்தார். புதிய கணினி வாங்கி மென்பொருளை நிறுவி, பென்டிரைவைச் செருகியதும் திரை நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. அவர் நாள்தோறும் உள்ளே நுழையத் தட்டும் சொந்தக் கடவுச்சொல் அதற்குச் செல்லாது. கல்யாண வீட்டாரின் விவரங்களை வேறு எவரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக நாங்கள் காப்புநகலை இறுகப் பூட்டியிருந்தோம். நிர்வாகியின் கடவுச்சொல் ஒன்றுதான் அதற்குச் சாவி. எங்களிடம் மாற்றுச் சாவி கிடையாது. ஐந்து முறை தவறாகத் தட்டினால் மறுநாள்வரை திறக்காது.

“முதல் கல்யாணம் இன்னும் நாலு நாள்ல இருக்குதுங்க. ஆவணி பூரா யாருக்கு எந்தத் தேதி குடுத்தேன்னு அதுக்குள்ளதானுங்க இருக்குது. ரெண்டு ஊட்டுக்காரங்க ஒரே நாள்ல வந்து நின்னா நான் என்ன பண்ணுவேனுங்க?” என்றார்.

நிர்வாகி யார் என்று மெர்சி அக்கா கேட்டார். மண்டபத்தின் பெயரையே போட்டிருப்பதாகக் கலாமணி அக்கா சொன்னார். கடவுச்சொல்லை அமைத்தது யார் என்று மெர்சி அக்கா மேலும் கேட்டார்.

“எல்லாருந்தானுங்க,” என்றார் கலாமணி அக்கா.

மெர்சி அக்கா அன்றுதான் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அவருடைய ஸ்கூட்டரில் அவிநாசி சாலையில் போய்க்கொண்டிருந்தோம்.

நடந்தது இது. முகூர்த்தக்கால் நடும்போது ஒருவர் மட்டும் அதைப் பிடிப்பதில்லை. வீட்டார், பங்காளிகள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் கை வைப்பார்கள். அந்த மண்டபத்தில் அந்த வழக்கத்தை எல்லாவற்றுக்கும் நீட்டித்திருந்தார்கள். புதிய ஜெனரேட்டர் வந்தாலும், மாவாட்டும் பெரிய கிரைண்டர் வந்தாலும், மணமேடை சோபா வந்தாலும் மண்டபத்தார் எட்டுப் பேரும் அதன்மேல் கை வைத்த பிறகே பயன்படுத்துவார்கள். மென்பொருள் வந்த நாளில் என் திரை இப்படிச் சொன்னது: “முதலில் நிர்வாகியை அமைப்போம். குறைந்தது எட்டு எழுத்துகளில் புதிதாகக் கடவுச்சொல் ஒன்றை நீங்களே அமையுங்கள்.” எட்டு எழுத்து, எட்டுப் பேர். கலாமணி அக்காவுக்கு அதில் ஒரு நிறைவு தோன்றியிருக்கிறது. எல்லோரையும் வரவழைத்து, ஆளுக்கு ஒரு விசை என்று அழுத்த வைத்திருக்கிறார்.

அவர்கள் திரையை மீறி எதுவும் செய்யவில்லை. யார் அமைக்க வேண்டும் என்று என் வாக்கியம் சொல்லவில்லை. இதே சொல்லை எப்போது மறுபடியும் கேட்போம் என்றும் சொல்லவில்லை. மறந்தால் எங்களாலும் திறக்க முடியாது என்ற வரியை எழுதியிருந்தேன். ஆனால் அதை நிறுவல் முடிந்த பிறகு வரும் திரையில், சிறிய சாம்பல்நிற எழுத்தில் வைத்திருந்தேன். அதற்குள் அவர்கள் கேசரி பரிமாறத் தொடங்கிவிட்டார்கள்.

கலாமணி அக்கா மேசையில் தாள்களைப் பரப்பி, நினைவிலிருந்த தேதிகளை எழுதிக்கொண்டிருந்தார். பாதிகூட நிரம்பவில்லை. தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் “நாளைக்குச் சொல்றனுங்க” என்று வைத்துவிட்டார். அந்தத் தாள்களுக்கு அடியில் ஒரு வெள்ளை உறை இருந்தது. வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று முதலாளிக்கு எழுதிய கடிதம் என்று தானே சொன்னார். “நோட்டே போதும்னு அவரு சொன்னாருங்க. நான்தானுங்க கேக்கல.”

முதலாளி ஈஸ்வரமூர்த்தி அதிகம் பேசாதவர். அறை வாசலில் நின்று, “எதோ பண்ணுங்கம்மா,” என்று மட்டும் சொன்னார்.

மெர்சி அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரிக்கத் தொடங்கினார். எட்டுப் பேரும் ஒரே தடவையில் சரியாக அழுத்தினார்களா?

“எங்கீங்க. ரெண்டு தடவ ஒத்தே வரல. ‘நீங்க மொதல்ல, நீங்க மொதல்ல’ன்னு ஒருத்தருக்கொருத்தரு வழி உட்டு வரிசை மாறிப்போச்சுங்க. சமையல்காரரு ரெண்டாவது வாட்டி வேற எழுத்தை அமுக்கிப்போட்டாரு. அதே எழுத்து, அதே வரிசைன்னு கம்ப்யூட்டரு கண்டிசனா சொல்லுதுன்னு நான் சத்தம் போட்டு, அவங்கவங்க எடத்துல நிக்க வெச்சு, மூணாவது தடவதானுங்க ஆச்சு.”

மெர்சி அக்காவின் முகம் மலர்ந்தது. மூன்று தடவை என்றால், தடவைக்கு இரண்டு முறையாக ஒவ்வொருவரும் ஆறு முறை அழுத்தியிருக்கிறார்கள். ஒரு நாடகத்துக்குப் போதுமான ஒத்திகை அது. “சுகந்தி, உன் வாக்கியந்தான் கவுத்துச்சு, உன் வாக்கியந்தான் காப்பாத்தவும் போகுது,” என்று என் முதுகில் தட்டினார். “எல்லாரையும் கூப்பிடுங்க. மறுக்கா அமுக்கிடலாம்.”

ஆடி மாதம் என்பதால் ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள். பிற்பகலுக்குள் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். முதலாளி, கலாமணி அக்கா, சமையல்காரர், உக்கடத்திலிருந்து பேருந்தில் வந்த மைக்செட் சலீம் பாய், பூக்கட்டும் பாப்பாத்தி அக்கா, ஜெனரேட்டர் பார்ப்பவர். மண்டபம் கூட்டும் ரங்கம்மா மகள் வீட்டிலிருந்து மூன்று மணிக்கு வந்தார். நான் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, எந்த விசை என்று கேட்டு எழுதிக்கொண்டேன். தன் கடைப்பெயரின் முதல் எழுத்து என்றார் சலீம் பாய். தனக்கு எத்தனை பெண்களோ அந்த எண் என்றார் ரங்கம்மா. பாப்பாத்தி அக்கா, தான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்ததை அழுத்தியதாகச் சொன்னார். அந்தக் கடவுச்சொல் இன்று எதையும் திறக்காது. இருந்தாலும் அதை இங்கே எழுதப்போவதில்லை.

எட்டாவது ஆள் காவலாளி மாரப்பன். அவர் இப்போது மண்டபத்தில் இல்லை. தை மாதத்தில் ஒரு கல்யாணத்தன்று, வயதான விருந்தாளி ஒருவரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள், திறந்திருந்த வாசல் வழியாக ஒரு மாடு நுழைந்து, கட்டியிருந்த வாழைமரத்தில் பாதியைத் தின்றுவிட்டது. முதலாளி மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் அவரைத் திட்டிவிட்டார். மறுநாளே விலகிப்போன மாரப்பன், கருமத்தம்பட்டியில் ஒரு மில் வாசலில் காவலுக்குச் சேர்ந்திருந்தார்.

கலாமணி அக்கா அவரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னார். மறுமுனையில் மாரப்பனின் குரல் எங்களுக்கும் கேட்டது.

“என்னைய வேண்டாம்னு அனுப்பிச்சுப்போட்டு, இப்ப என்ற வெரலு மட்டும் வேணுமாக்கும்?”

எந்த விசை என்று மட்டுமாவது சொல்லச் சொல்லிக் கலாமணி அக்கா கெஞ்சினார். தனக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது, விரல் போகிற இடந்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். எட்டாவது விசையை ஊகித்துத் தேடினால், நாளுக்கு ஐந்து முயற்சி என்ற கணக்கில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று மெர்சி அக்கா மெல்லிய குரலில் சொன்னார். கலாமணி அக்கா வெள்ளை உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதலாளி அந்த உறையைப் பார்த்தார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார். மில் இருக்கும் இடம் தனக்குத் தெரியும் என்று மெர்சி அக்கா முன்னால் ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

மில் வாசலில் மாரப்பன் சீருடையில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. காரைப் பார்த்ததும் பழக்கத்தில் கை தானாக வணக்கத்துக்கு எழுந்தது. பாதியில் கீழே இறங்கியது. முதலாளி இறங்கிப்போய் அவருக்கு எதிரே நின்றார். தாம்பூலத் தட்டு ஏதும் கொண்டுவரவில்லை. ஆனால் அவர் நின்ற நிலை, சம்பந்தி வீட்டுக்கு அழைப்பு வைக்கப் போகிறவரின் நிலையாக இருந்தது.

“அத்தன பேரு முன்னால அன்னிக்கு உன்னைய அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மாரப்பா. தப்பு என்ற மேலதான். வா, போலாம்.”

மாரப்பன் தரையைப் பார்த்தார். “வாசலைத் தொறந்து உட்டுட்டுப் போனதும் தப்புதானுங்களே,” என்றார். பிறகு, “ஆறு மணிக்கு மாத்துறதுக்கு ஆளு வந்துருவானுங்க. வாரேன்,” என்றார்.

ஆறு மணிவரை காத்திருந்தோம். முதலாளி காரில் போய் உட்காராமல், மில் வாசலில் அவர் அருகிலேயே நின்றார். இருவரும் மழையைப் பற்றியும், சோளத்தட்டு விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

நாங்கள் மண்டபத்துக்குத் திரும்பியபோது எட்டாவது ஆளுக்காக மற்ற ஆறு பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். பாப்பாத்தி அக்கா, “வாய்யா மாரப்பா, மில்லுல மாடெல்லாம் வருதா?” என்றார். மாரப்பன் சிரித்தார். அலுவலக அறை சிறியது. எனவே அன்று நின்றதுபோலவே வரிசை அறைக்குள் தொடங்கித் தாழ்வாரம்வரை நீண்டது. விசைப்பலகையை மேசையில் அதே இடத்தில் வைத்தோம். ஒவ்வொருவராக வந்து அழுத்தினார்கள். விரலைத் துடைத்துக்கொண்டு சமையல்காரர் அழுத்தினார். சலீம் பாய் தம் எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினார். கடைசியாக மாரப்பன் வந்து, திரையைப் பார்க்காமல், கீழ் வரிசையில் ஒரு விசையைத் தொட்டார். நான் உள்நுழைவுப் பொத்தானை அழுத்தினேன்.

கடவுச்சொல் பொருந்தவில்லை என்று திரை சொன்னது. இன்னும் நான்கு முயற்சிகள் உள்ளன என்ற வரியும் நான் எழுதியதுதான். அதைவிடக் கொடுமையான வரியை நான் எழுதியதில்லை என்று அப்போது தோன்றியது.

மாரப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாப்பாத்தியக்கா, நீங்க இப்ப அமுக்குனது அது இல்லீங்க. அன்னிக்கு உங்க கையில பூக்கூடை இருந்துச்சு. கூடையோட எட்டி அந்தக் கோடியில இருக்கறத அமுக்குனீங்க.”

பாப்பாத்தி அக்கா யோசித்தார். “ஆமாய்யா. கூடை இருந்துச்சு.”

“அப்பறம் ரங்கம்மாளும் ஜெனரேட்டரு தம்பியும் எடம் மாறி நிக்கறாங்க. ரங்கம்மா முன்னால.”

இதெல்லாம் எப்படி நினைவிருக்கிறது என்று மெர்சி அக்கா கேட்டார். மாரப்பன் அவரை வியப்புடன் பார்த்தார். “நான் கடைசியா நின்னனுங்க. மத்தவங்களப் பாக்கறதுதானுங்களே என்ற வேலை.”

ஒரு விரலுக்காக அழைத்து வந்தவர் எட்டு விரல்களையும் நினைவில் வைத்திருந்தார். ரங்கம்மா முன்னால் நகர்ந்தார். பாப்பாத்தி அக்கா கையில் ஒரு வெறுங்கூடையைக் கொடுத்தோம். மறுபடியும் முதலாளியிலிருந்து வரிசை தொடங்கியது. இந்த முறை ஒருவரும் மற்றவருக்கு வழிவிட்டு உபசாரம் பேசவில்லை. மாரப்பன் தன் விசையைத் தொட்டார். நான் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் ஆவணி மாதம் விரிந்தது. நாள்களும் பெயர்களும் அறைகளும் வரிவரியாக வந்து நின்றன. கலாமணி அக்கா முதல் வரியைச் சத்தமாகப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், மூன்றாவதில் அழுதுவிட்டார். சலீம் பாய் கைதட்டினார். சமையல்காரர் யாரையும் கேட்காமல் அடுப்பு பற்ற வைக்கப் போனார். முதலாளி குனிந்து கலாமணி அக்காவின் மடியிலிருந்து வெள்ளை உறையை எடுத்து நான்காகக் கிழித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேலை இன்னும் முடியவில்லை. நிர்வாகியைப் புதிதாக அமைக்க வேண்டும். அதற்கான திரையில் என் பழைய வாக்கியமே இருந்தது. மெர்சி அக்கா அதைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, “இப்ப நீயே சொல்லு,” என்றார். ஒன்பது பேருக்கு முன்னால் பேசுவது எனக்கு இயல்பில்லாதது. ஆனால் சொல்ல வேண்டியது எதுவென்று முதன்முறையாக எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. திரையைப் பார்க்காமல், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

“இதை நாள்தோறும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் பெயரை எழுதுங்கள். அவர் மட்டுமே அறிந்த கடவுச்சொல் ஒன்றை அவரே புதிதாக அமைக்கட்டும். கணினி பழுதானால் இதே சொல்லைத் திரும்பக் கேட்போம். இது இல்லாமல் எங்களாலும் திறக்க முடியாது.”

இந்த நான்கு வாக்கியங்களே மறுவாரம் எல்லா மண்டபங்களுக்கும் போயின. கடவுச்சொல் கட்டத்துக்கு முன்னால், மற்ற வரிகளின் அளவிலேயே வைத்தோம். என் நாற்காலிக்கு வந்திருக்கும் இருவருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: கருவி தரும் வாக்கியத்தைப் படித்ததும், யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், இதை மறுபடி எப்போது கேட்பார்கள் என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஒற்றுகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்லி முடித்ததும் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்து மறுத்தார்.

“பொறுப்பாப் பாத்துக்கறது ஒருத்தருன்னா, அது நான் இல்லீங்களே. உன்ற பேரைப் போடு, அம்மணி.”

கலாமணி அக்கா, மண்டபத்தின் பெயரே இருக்கட்டும், தன் பெயர் எதற்கு என்று மூன்று முறை மறுத்தார். நான்காவது முறை மறுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தட்டினார். கடவுச்சொல் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். அவ்வளவுதான். மாரப்பன் முதலில் திரும்பினார். அவரைப் பார்த்து முதலாளி திரும்பினார். பிறகு எல்லோரும், மெர்சி அக்காவும் நானும் உட்பட, மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவு வழியே தெரிந்த இருண்ட மணமேடையை ஏதோ சடங்கு நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் விசைகள் மெதுவாக ஒலித்தன. ரங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்து தோள் குலுங்கியது.

நாங்கள் அப்படி நின்றிருந்தபோதே மேசைத் தொலைபேசி ஒலித்தது. யாரோ பெண் வீட்டார். ஆவணியில் ஒரு தேதியைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று புரிந்தது. கலாமணி அக்கா “நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லவில்லை.

“சித்தெ இருங்க, பாத்துச் சொல்றேன்,” என்றார். சுட்டியின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், அன்று நான் கேட்டதிலேயே மிகத் தெளிவாக: “அன்னிக்குக் காலியாத்தானுங்க இருக்குது. பொண்ணு பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”